கண்ணாடி ஓரத்துச் சீனம்

வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டே பார்லர் அக்கா சீனம் படிக்கிறார். வலது கையில் கத்தரி, இடது கையில் சீப்பு. சொல்லின் ஒலி ஏறினால் சீப்பும் ஏறும், இறங்கினால் இறங்கும். நாற்காலியில் இருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பயப்படாதீங்கம்மா, ஆடறது சீப்பு மட்டுந்தான். கத்தரி ஆடாது."

தலைச்சாய டப்பாக்களின் அட்டையைக் கிழித்து, சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, கண்ணாடியின் ஓரமெல்லாம் செருகி வைத்திருக்கிறார். ஃபோனில் பாடம் எடுக்கும் டீச்சர் வெறும் அர்த்தத்தோடு விடுவதில்லை. யாரிடம், எப்போது, எந்த மனசோடு சொல்வார்கள் என்பதையும் சொல்கிறார். கிளம்புகிறவரை அங்கே 'மெதுவாகப் போங்கள்' என்று வழியனுப்புவார்களாம். அன்று முதல் வாசல் தாண்டும் எல்லோருக்கும் அக்கா அதையே சொல்ல, கல்லூரிப் பெண் ஒருத்தி, "ஏன்க்கா, நான் என்ன கிழவியா?" என்று கேட்டுவிட்டாள். முடிவெட்டு பிரமாதம் என்று யாராவது புகழ்ந்தால் "எங்கே, எங்கே?" என்பார். அது அவர்களுடைய பணிவாம். புகழ்ந்தவர் எதையோ தொலைத்துவிட்டோமோ என்று தரையைப் பார்ப்பார்.

இத்தனை பாடும் மகளுக்காக. சீனாவுக்கு வேலைக்குப் போனவள், கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். இப்போது ஏழு மாதம். படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு விசா வர இன்னும் மூன்று வாரமாகும். சம்பந்தியம்மாதான் தன் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் இருக்கிறார். "பெத்தவ நான் இங்க ஊரார் தலையைச் சீவிக்கிட்டு நிக்கிறேன். அவங்க என் பிள்ளைக்கு வாந்திச் சட்டி புடிக்கிறாங்க."

அதனால் முதலில் நன்றி சொல்லக் கற்றுக்கொண்டார். கால் மணி நேரப் பேச்சில் கைகூப்பிப் பதினோரு முறை சொன்னார். சொல்லச் சொல்ல, திரையில் சம்பந்தியம்மாவின் சிரிப்பு சுருங்கிக்கொண்டே போனது. அதற்கப்புறம் நாலு நாளாக ஃபோன் பக்கமே அவர் வரவில்லை.

"என்னம்மா நீ! 'நான் என்ன கூலிக்கா வந்திருக்கேன்'னு அத்தை கேக்குறாங்க" என்றாள் மகள்.

வீட்டு மனிதர்களுக்கு நன்றி சொன்னால் வாசலுக்கு வெளியே நிறுத்துகிற மாதிரி என்று டீச்சர் விளக்கியதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நான் மட்டும் என் தங்கச்சிக்கு நன்றி சொல்லியிருக்கேனா? சொன்னா அடிக்கவே வந்துருவா. இது எனக்குத் தோணாமப் போச்சே!"

டீச்சர் வேறு சொல் கொடுத்தார்: 'ஷின்கூ ல'. நாளெல்லாம் உழைத்துக் களைத்தவரிடம் சொல்வது. ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டீர்கள், அதை நான் பார்த்தேன் என்கிற மாதிரி. அக்கா அதை அட்டையில் எழுதிக்கொண்டார். "பாத்தேன்னு சொல்றதுக்கே ஒரு வார்த்தை வெச்சிருக்காங்களே" என்று கண்ணைத் துடைத்தார். சாய நெடி என்று சாக்கு வேறு.

நேற்று மதியம் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து ஃபோன் போட்டார். மகளின் தலைமுடி, படுத்தே கிடந்து சிக்குப் பிடித்திருந்தது.

"உங்க அத்தையைக் கூப்பிடு."

"வரமாட்டாங்கம்மா."

"ஒரே ஒரு வார்த்தைன்னு சொல்லு."

ஈரக் கையைத் துடைத்தபடி சம்பந்தியம்மா கட்டில் ஓரத்தில் வந்து நின்றார். அக்கா அட்டையைப் பார்க்கவில்லை, கைகூப்பவும் இல்லை. "சம்பந்தியம்மா, ஷின்கூ ல" என்றார்.

சம்பந்தியம்மா தண்ணீரில் ஊறிச் சுருங்கிய தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். மகள் மொழிபெயர்க்க வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு. எனக்குப் புரியுது." ஒரு சொல்லும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

சம்பந்தியம்மா கட்டிலில் உட்கார்ந்து, மருமகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உச்சியிலிருந்து சீவ ஆரம்பித்தார். சீப்பு சிக்கில் மாட்டியது. மகள் "ஆ" என்றாள். அக்கா ஃபோனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்தார். தன் கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டு, நுனியைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக் காட்டினார். அங்கே சம்பந்தியம்மாவின் சீப்பும் நுனிக்கு இறங்கியது.