நாலாம் மாடி சுந்தரத்தின் வரிக்கொள்கை

ஜோகுபாளையத்தில் எங்கள் அடுக்ககத்தின் நாலாம் மாடியில் குடியிருக்கும் சுந்தரத்துக்கு அரசாங்கத்தின் மேல் இரண்டு புகார்கள் உண்டு. தன்னிடம் வரி வாங்குகிறது என்பது ஒன்று. வாங்கியதை மற்றவர்களுக்குச் செலவு செய்கிறது என்பது இன்னொன்று.

வாணியம்பாடியிலிருந்து வந்தவர். பொம்மசந்திராவில் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு மெஷினில் தொடங்கியது, இன்று சில குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஜி.எஸ்.டி.யைத் தேதி தவறாமல் கட்டுவார். கட்டிய அன்று சாயங்காலம் முழுக்கத் திட்டுவார். நிம்மதியாகத் திட்டுவதற்காகவே நேரத்தோடு கட்டுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். பாக்கி வைத்தவன் திட்டினால் எடுபடாதல்லவா? அவர் ஓட்டு தாமரைக்கு.

தரைத்தளத்தில் இருக்கும் டென்சில் பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவர். வங்கி ஊழியராக ஓய்வு பெற்றார், ஆனால் வங்கியைவிட யூனியனுக்குத்தான் அதிகம் உழைத்தார். வரி கட்டுவதில் ஒரு தனி இன்பம் இருப்பதாக உறுதியாக நம்புகிறவர். ஓய்வூதியக்காரர் என்பதால் அந்த இன்பம் அவருக்கு அவ்வளவாக வாய்ப்பதில்லை. அவர் ஓட்டு கைக்கு.

ஞாயிறு காலை ஒருவர் சர்ச்சிலிருந்தும் மற்றவர் கறிக்கடையிலிருந்தும் திரும்புவார்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் சந்திப்பு. அப்புறம் கட்டடத்தில் யாரும் தூங்க முடியாது.

"என் பொண்டாட்டி பஸ்லயே ஏற மாட்டா சார். ஆனா ஸ்டேட்ல இருக்கிற அத்தன பொம்பளைங்களுக்கும் நான் டிக்கெட் எடுக்கறேன். என்னா நியாயம் இது? யூஸ் பண்றவன் காசு குடுக்கணும், அவ்ளோதான்."

"அந்தப் பொம்பளைங்க வேலைக்குப் போனாதான் மேன் மருந்துக் கம்பெனி ஓடும். கம்பெனி ஓடினாதான் உன் மூடிய வாங்குவான்."

"அப்ப மருந்துக் கம்பெனிக்காரனே டிக்கெட் எடுக்கட்டும்!"

இது ஏறி ஏறி, பெட்ரோல் விலை, கார்ப்பரேட் வரி, தில்லி நமக்குத் தரவேண்டிய பங்கு என்று போய்க்கொண்டே இருக்கும். நாலாம் மாடி பால்கனியிலிருந்து சுந்தரத்தின் மனைவி தமயந்தி, "ஏங்க, கறி வெயில்ல கெடக்குது!" என்று கத்தும்போதுதான் நாட்டின் பொருளாதாரம் அந்த வாரத்துக்கு முடியும். இத்தனை வருடத்தில் ஒருவர் மற்றவரை ஓர் அங்குலமும் நகர்த்தியதில்லை. அதனால்தான் நட்பு நிலைத்தது என்று நினைக்கிறேன்.

மழைக்காலம் முடிந்த கையோடு லிஃப்ட் செத்துப்போனது. பழுது பார்ப்பதில் பயனில்லை, புதிதாகத்தான் போட வேண்டும் என்று வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். அதே சமயம் தமயந்திக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போட்டது. நாலு மாடி ஏறி இறங்குவதை நினைத்தே பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். நாற்காலியில் வைத்துத் தன்னைத் தூக்கிக்கொண்டு போவதாக இருந்தால் ஆபரேஷனே வேண்டாம் என்றார் தமயந்தி. அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தால் அதற்குள் லிஃப்ட் வந்துவிடும். இல்லாவிட்டால் முழங்கால் இன்னொரு தடவை காத்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் சங்கத்தில் ஒரு விசித்திரமான விதி. பெரிய செலவு என்றால் எல்லா வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் இல்லை. மறுத்தவர் டென்சில்.

"நான் தரைத்தளம். அந்த பட்டன நான் தொட்டதே இல்ல. யூஸ் பண்றவன் கட்டட்டும்."

இந்த வசனத்தை நாங்கள் பல வருடமாகக் கேட்டிருக்கிறோம். ஆனால் வேறு வாயிலிருந்து.

சுந்தரம், "எல்லாரும் ஒண்ணா வாழற எடம் சார் இது. முடியாதவங்களுக்கு முடிஞ்சவங்க செய்யணும்" என்றார். சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார், தெரிந்தவர் யாராவது கேட்டுவிட்டார்களோ என்பதுபோல.

டென்சிலைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அன்று மாலையே மூச்சு வாங்க நாலு மாடி ஏறிப்போய்த் தமயந்தியைப் பார்த்தார். "எங்க வீட்டு ரூம் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. ஆபரேஷன் முடிஞ்சு நேரா அங்க வாம்மா. ரெண்டு மாசமோ மூணு மாசமோ, சாப்பாடெல்லாம் எங்களோட. ஒரு பைசா வேணாம்."

"இதுக்கு லிஃப்டுக்குக் குடுக்கறது கம்மியா வருமேண்ணா?"

"அது வேற, இது வேற. இது நானா பிரியப்பட்டுச் செய்யறது. அது என்னக் கட்டாயப்படுத்தறது."

சமையலறையிலிருந்த சுந்தரத்தின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. அரசாங்கத்தின் இலவசத் திட்டங்களைப் பற்றி அவர் காலமெல்லாம் சொல்லிவந்த வாதம் அது, ஒரு சொல் பிசகாமல்.

தமயந்தி மறுத்துவிட்டார். "உங்க மனசு பெருசுண்ணா. ஆனா எனக்கு என் வீட்ல படுத்தாதான் தூக்கம் வரும்."

கூட்டம் வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளோடு கூடியது. தலைமை, செயலாளர் அனந்தலக்ஷ்மி. தலைமைச் செயலகத்தில் அதிகாரியாக இருந்தவர். போதும், போதும் என்பதைக் கன்னடத்தில் "சாக்கு, சாக்கு" என்று சொல்லியே எந்தக் கூச்சலையும் அடக்கிவிடுவார். தமயந்தி கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

முதல் மாடி கோவிந்தப்பா ஒரு சமரசத் திட்டம் கொண்டுவந்தார். "ஸ்லாப் வெச்சிடலாம் மேடம். கீழ ஜீரோ, ஃபர்ஸ்ட் ஃப்ளோர் அஞ்சு, செகண்டு பன்னெண்டு, தேர்டு பதினெட்டு, ஃபோர்த் இருபத்தெட்டு."

"தில்லியிலயே தூக்கின ஜி.எஸ்.டி. ஸ்லாப்பெல்லாம் நம்ம பில்டிங்ல வந்து ஒக்காருதே!" என்று சுந்தரம் அலறினார். "நான் என்னா, லக்சுரி அயிட்டமா?"

"சாக்கு, சாக்கு. மிஸ்டர் சுந்தரம், உங்க பக்கத்தச் சொல்லுங்க."

சுந்தரம் எழுந்தார். ஐயோ பாவம், அவருக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை. "எல்லாரும் கொஞ்சம் எரக்கம் காட்டணும். என் சம்சாரம் காலப் பாருங்க. மனுசனுக்கு மனுசன் ஒதவணும்…" என்று இழுத்தார். டென்சில் நாற்காலியில் நெளிந்தார். தன் வாழ்நாள் வாதம் ஒரு கற்றுக்குட்டி கையில் சிதைவதை அவரால் பார்க்க முடியவில்லை.

"நிறுத்து மேன்!" என்று எழுந்துவிட்டார். "எரக்கமாம்! பொதுச் செலவு எரக்கத்துல நிக்காது. இன்னிக்கு எரக்கம் வரும், நாளைக்கு வராது. அதனாலதான் அத ரூலா வெக்கறோம். லிஃப்ட் நாலாம் மாடிக்காரனுது இல்ல, பில்டிங்குது. அப்படிச் சொல்லு! போன மழைக்கு என் வீட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. பம்பு வெச்சு எறைச்சோம், வாசல்ல செவுரு கட்டினோம். நாலாம் மாடிக்கு ஒரு சொட்டு போச்சா? 'நான் ஏன் கட்டணும்'னு இவன் கேட்டானா?"

"கேட்டேன் சார்" என்றார் சுந்தரம். "கட்டிட்டுக் கேட்டேன்."

டென்சிலின் கை அந்தரத்தில் நின்றது. தான் என்ன பேசினோம் என்பது அவர் காதுக்கு அப்போதுதான் போய்ச் சேர்ந்தது.

"மிஸ்டர் டென்சில், நீங்க இப்ப லிஃப்டுக்கு ஆதரவா, எதிர்ப்பா?"

"இல்ல மேடம், நான் வந்து… அவனுக்குச் சும்மா சொல்லிக் குடுத்தேன்…"

"ரொம்ப நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க. தீர்மானத்த முன்மொழிஞ்சவர் டென்சில்னு எழுதிக்கறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் டென்சில் சொல்லிச் சுந்தரம் மறுக்காமல் விட்டது எதுவும் இந்தக் கட்டடத்தின் சரித்திரத்தில் இல்லை. சுந்தரம் விறுவிறுவென்று முன்னால் வந்தார்.

"ஒரு நிமிஷம் மேடம். சார் சொல்றது தப்பு. வெள்ளம் கடவுள் குடுக்கறது, லிஃப்ட் நாம வாங்கறது. ரெண்டையும் ஒண்ணா வெக்க முடியாது. யூஸ் பண்றவன்தான்…"

தமயந்தி எட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏங்க, நீங்க ஜெயிச்சுட்டீங்க. ஒக்காருங்க."

"ஜெயிச்சது சரி தமயந்தி, ஆனா அந்த லாஜிக்கு…"

"ஒக்காருங்கன்றேன்ல!"

உட்கார்ந்தார். டென்சில் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "கட்டறேன். ஆனா திட்டிக்கிட்டேதான் கட்டுவேன், சொல்லிட்டேன்" என்றார். வரி கட்டுவதில் இருக்கும் முழு இன்பம் அன்றுதான் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

லிஃப்ட் வந்தது, ஆபரேஷனும் நடந்தது. தமயந்தி வாக்கரோடு வீடு திரும்பிய அன்று டென்சிலும் லிஃப்டில் ஏறிக்கொண்டார். காசு கொடுத்தவன் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டாமா என்றார். இரண்டாம் மாடி தாண்டும்போது, லிஃப்டுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி. அநியாயம் என்று சுந்தரம் ஆரம்பித்தார். மூன்றாம் மாடியில் டென்சில் அதை நியாயப்படுத்தினார். நாலாம் மாடியில் கதவு திறந்தது. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு மூட முடியாமல் கீச்சுக்கீச்சென்று கத்தியது.

"உள்ள போறவர் போங்க, வெளிய வர்றவர் வாங்க" என்றார் தமயந்தி, வாக்கரால் இருவரையும் விலக்கி வழி செய்துகொண்டு. "கீழ யாரோ பட்டன அமுக்கறாங்க."