பதினான்கு பேரையும் கர்த்தர் காத்த வீடு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு என் அக்காவை ஒரகடத்தில் பெண்கள் விடுதி நடத்தியவராகத் தெரியும். எனக்கு அவர் தாய்போல. அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அவருக்குப் பதினைந்து. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு என்னைப் படிக்க வைத்தார். நான் ஆசிரியராக இருக்கிறேன் என்றால் அவர் படிக்காமல் போனதால்தான். அவர் நம்மைவிட்டுப் போய் ஓராண்டு முடிகிறது. அவரைப் பற்றி எழுதும்போது என்னைப் பற்றிய ஒன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அக்கா பிறந்தது உடன்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில். திருமணத்துக்குப் பின் மச்சானுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை கிடைத்ததும் இருவரும் அங்கே குடிபோனார்கள். ஆறாவது வருடம், வேலைக்குப் போன வழியில் மச்சான் லாரி மோதி இறந்தார். பிள்ளைகள் இல்லை. சாமான்களை ஏற்றிக்கொண்டு அக்காவை ஊருக்கு அழைத்துவர நான் வண்டி பேசிக்கொண்டு போனேன்.

"ஏல, வண்டிய அனுப்பிரு. ஊருக்கு வந்தா அழுதுக்கிட்டே கெடப்பேன். இங்க கர்த்தர் எனக்கு ஒரு வேலை வச்சிருக்காரு. என்னன்னுதான் இன்னும் சொல்லல" என்றார்.

அந்த வேலை இரண்டு மாதத்தில் வாசலில் வந்து நின்றது. தென்காசியிலிருந்து வேலைக்கு வந்து, தங்க இடம் கிடைக்காத இரண்டு பெண்கள். அவர்களுக்கு ஓர் அறையைக் கொடுத்தார். பிறகு மாடியையும் வாடகைக்கு எடுத்தார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பின்னாளில் என் மகளும் டிப்ளமோ முடித்து அங்கேயே ஒரு கம்பெனியில் சேர்ந்தாள்; அவளோடு சேர்த்து விடுதியில் பதினான்கு பேர். அவள் "அத்தை" என்று கூப்பிட, மற்றவர்களுக்கும் அவர் அத்தையானார்.

மாலை ஆறரைக்கு ஹாலில் ஜெபம். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார். ஆனால் பதினான்கு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, கர்த்தருடைய கையில் ஒப்படைப்பார். நான் ஊரிலிருந்து போனில் சேர்ந்துகொள்வேன். திருநீறு பூசிய பெண்களும் வந்து உட்காருவார்கள். "அத்தை, என் பேர எப்பவும் கடைசில வைக்கீங்க. அதுக்குள்ள உங்க சாமி எந்திரிச்சுப் போயிருவாரு" என்று ஒருத்தி கேட்டாள். "அவருக்கு ஓவர்டைம் பழக்கம்தான், இரு" என்றார் அக்கா.

கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. பேருந்துகள் நின்றன. விடுதியில் ஒரு பெண்ணுக்குத் தொற்று என்று அக்கா போனில் சொன்னார். மருத்துவமனைகளில் இடமில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் தனியறையில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். ஹாலை ஒட்டிய அறையில் அந்தப் பெண்ணைப் படுக்க வைத்து, அக்காவே உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று சத்தம் போட்டிருக்கிறார்.

"இன்னாம்மா நீ, தெருவே பயந்துகினு கீது. அந்தப் பொண்ண எங்கனா அனுப்பிடு. இல்லன்னா வூட்ட காலி பண்ணு."

"எங்க அண்ணாச்சி அனுப்ப? நீங்க வெளிய பூட்டிட்டுப் போங்க. உள்ள கர்த்தர் எங்களோட இருக்காரு."

அவர் உண்மையிலேயே பூட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை, கேட்டின் மேல் ஒரு தூக்குவாளியில் பால் தொங்கியது. அவருடைய மனைவி வைத்தது. அன்று முதல் பாலும் காய்கறியும் தினமும் வந்தன.

வெளியாரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. வீட்டுக்காரர் சொன்னதையே நானும் சொன்னேன். "அக்கா, யார் பெத்த பிள்ளைக்காகவோ என் மகள பலி கொடுக்கப் போறியா? அந்தப் பிள்ளைய எங்கயாவது கொண்டு விடு" என்று போனில் கத்தினேன்.  அன்று மாலை ஜெபத்தின் முடிவில் அக்கா, "இந்த வீட்டில் படுத்திருக்கிற பிள்ளையை எழுப்பிவிடும் ஆண்டவரே" என்று பெயர் சொல்லாமல் வேண்டினார். எல்லாரும் ஆமென் என்றார்கள். நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன். ஒன்பது நாள் அப்படியே செய்தேன்.

மகளிடமிருந்து தினம் ஒரு வரி மட்டும் வரும். "நல்லா இருக்கேன்ப்பா. இங்க நெட் சரியில்ல."

தொற்று தெரிந்த பன்னிரண்டாம் நாள் அக்கா வீடியோவில் அழைத்தார். பக்கத்தில் என் மகள். கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிய உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, படுத்திருந்தது நான்தான்."

 அக்கா போனைத் தன் பக்கம் திருப்பினார். "சொல்லியிருந்தா பைக்க எடுத்துக்கிட்டுக் கெளம்பியிருப்ப. வழியில போலீஸ்ல அடி வாங்கியிருப்ப, இல்ல நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. ஒரு நோயாளியத்தான் என்னால பாக்க முடியும்."

ஆக்சிஜன் அளவு தொண்ணூறுக்குக் கீழே இறங்கிய மூன்று நாட்களை அதன் பிறகுதான் சொன்னார்கள். மற்ற பதின்மூன்று பெண்களும் தொழிற்சாலையில்போலவே ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று பிரித்துக்கொண்டு, கதவுக்கு வெளியே மாறி மாறி உட்கார்ந்து ஜெபித்திருக்கிறார்கள். அவரவர் சாமியை அவரவர் கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே அக்கா என் மகளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அளவு ஏறியது. அக்காவுக்கோ மற்றப் பெண்களுக்கோ ஒரு தும்மல்கூட வரவில்லை. பதினான்கு பேரில் ஒருவரும் குறையாமல் அந்த கேட் திறந்தது.

"நான் கத்தினது அவளுக்குக் கேட்டுதா?" என்று அக்காவிடம் பிறகு கேட்டேன். "கதவு சாத்தித்தான் இருந்தது" என்றார். மகளிடம் அதைக் கேட்க இன்றுவரை எனக்குத் தைரியமில்லை.

கேட் திறந்த அதே வாரம் அடுத்த தெருவில் இரண்டு பேர் இறந்தார்கள். "அவங்கள ஏன்க்கா காப்பாத்தல?" என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாதுல. நானும் அவர்ட்ட கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஆனா அவர விட்டா எனக்குப் போக வேற எடமில்ல" என்றார். அக்காவின் விசுவாசம் அப்படிப்பட்டது.

சென்ற ஆண்டு அவருடைய இதயம் பலவீனமானது. மருத்துவமனையில் ஐந்து நாட்கள். பழைய பெண்கள் திருமணமாகிப் போன ஊர்களிலிருந்து கைக்குழந்தைகளோடு வந்தார்கள். கடைசி நாள் மதியம் என் கையைப் பிடித்து, "பயமா இருக்கால?" என்றார்.

"ஆமாக்கா."

"எனக்கு இல்ல" என்று சிரித்தார். ஜெயித்தவருடைய சிரிப்பு அது.

கொரோனா நாட்களில் தினமும் கேட் வரை வந்து பார்த்த நர்ஸ் அம்மாவுக்கும், பாலும் காய்கறியும் கொடுத்து மனதையும் திறந்த வீட்டுக்காரம்மாவுக்கும், அடக்கத்தன்று அக்காவின் பெட்டிக்குத் தாமே முன்வந்து தோள் கொடுத்த வீட்டுக்காரருக்கும், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து உறவினர்களை ஏற்றிவந்த ஷேர் ஆட்டோ தம்பிகளுக்கும், போதகர் ஐயாவுக்கும், ஷிப்ட் போட்டு ஜெபித்த அந்தப் பதின்மூன்று பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும்.

இப்போது விடுதியை என் மகள் நடத்துகிறாள். போன வாரம் அவளிடமிருந்து போன். "அப்பா, ஒரு பிள்ளை காய்ச்சலோட வந்து நிக்குது. வேற ஹாஸ்டல்ல வெளிய அனுப்பிட்டாங்களாம். சேத்துக்கிட்டேன். உங்ககிட்ட கேக்கல, சொல்லுதேன்."

"முதல்ல கஞ்சி வச்சுக் குடும்மா" என்றேன். போனை வைத்த பிறகும் பயம் போகவில்லை. ஆனாலும் அவளைத் திரும்ப அழைத்து, அந்தப் பிள்ளையை அனுப்பிவிடு என்று சொல்லவில்லை.