பெருமுக்கல்லில் மழை பெய்தால் பதினாலு போன் அடிக்கணும்

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற தொழிலில் ஒரு விசேஷம்: நாம் எழுதியது ஓடுகிற வரைக்கும் நம் பேர் யாருக்கும் தெரியாது, நின்றுபோன நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பெரிய முதலியார்சாவடியில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் ஆறு பேர். போன வருஷம் மரக்காணம் உப்பளத்துக்கு மழை எச்சரிக்கைக்குப் புரோகிராம் செய்து தரும் வேலை எங்களுக்கு வந்தது. பாத்தியிலிருந்து வாரிய உப்பை வரப்பில் அம்பாரமாகக் குவித்து, ஈரம் வடியட்டும் என்று பகலில் திறந்தே வைத்திருப்பார்கள். கோடை மழை மேற்கிலிருந்து வரும். பெருமுக்கல்லில் விழுந்தால் அரை மணி நேரத்தில் மரக்காணத்தில் விழும். அந்த அரை மணிக்குள் ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடாவிட்டால் உப்பு கரைந்து வந்த வழியே போய்விடும். பெருமுக்கல்லில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் மழை அளக்கும் கருவி வைத்து, அங்கே தூறினால் உப்பளத்தில் தகவல் போக வேண்டும். இவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன்.

பத்து வினாடிக்கு ஒரு கேள்வி

முதல் தடவை நான் எழுதியதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. உப்பளத்தில் இருக்கும் ஒவ்வொரு போனும் பத்து வினாடிக்கு ஒரு தரம் பெருமுக்கல் கருவியிடம் "மழையா? மழையா?" என்று கேட்கும்படி எழுதிவிட்டேன். பந்தி ரெடியா என்று சமையல்கட்டுக்கு ஓடி ஓடி வரும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி. இருபத்தஞ்சு போன்களும் சேர்ந்து நச்சரித்ததில் கருவி திணறி நின்றது. மத்தியானத்துக்குள் எல்லாப் போன்களிலும் சார்ஜ் காலி.

எங்கள் டீம் லீட் ஜெரோம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதிகம் பேச மாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும். அப்சர்வர் பேட்டர்ன் என்ற ஒரு புரோகிராம் முறையைக் காலேஜில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்திருந்தேன். புத்தகத்தில் இரண்டு படமும் நாலு அம்புக்குறியுமாக இருந்த அதை அவர் இரண்டே வரியில் முடித்தார்.

"சும்மா போயி கேட்டுக்கினே இருக்காத கலா. லிஸ்ட்ல பேரைக் குடுத்துட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கட்டும். மழை வந்தா மழை கூப்புடும்."

மேற்கே பார்க்கும் கோவிந்தம்மா

புது லிஸ்ட்டுக்கு நம்பர் வாங்க உப்பளத்துக்குப் போனேன். வடக்குப் பக்கப் பாத்திகளில் பதினோரு பேர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். தெற்குப் பக்கத்தில் பதினாலு பேர். அவர்களுக்கு மேஸ்திரி அஞ்சலை. முழங்கால் வரை உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாக நிற்க, என்னை மேலும் கீழும் பார்த்தாள். உயரமான வரப்பில் கோவிந்தம்மா என்று ஒருத்தி மேற்கே பார்த்தபடி நின்றிருந்தாள். மேகம் கூடினால் கத்த வேண்டும், அதுதான் அவள் வேலை. ஒரு பக்கம் கத்தினால் மறுபக்கம் வாங்கிக் கத்துவார்கள். உப்பளம் முழுக்க அந்தச் சத்தம் வரப்பு வரப்பாக ஓடும்.

"இதையேதான்க்கா நாங்க கம்ப்யூட்டர்ல பண்றோம். கோவிந்தம்மாக்கா பாக்கறதுக்கு முன்னாடியே மிஷின் பாத்துடும். அவங்களும் உங்களோட உப்பு வாரலாமே" என்று பெருமையாகச் சொன்னேன். அஞ்சலை சிரிக்கவில்லை. அவள் கேட்ட கேள்வியை அன்றைக்கு நான்தான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

"அவ கத்தலன்னா திரும்பிப் பாத்து ஏண்டின்னு கேப்போம். ஒன் மிஷினு கத்தலன்னா, கத்தலன்னு எங்களுக்கு யாரு சொல்றது?"

பையில் தொங்கும் போன்கள்

உப்புத் தண்ணீர் பட்டால் போன் ஒரு வாரம் தாங்காது. அதனால் யாரும் பாத்திக்குள் கொண்டுபோவதில்லை. காலையில் வந்ததும் சோத்துப் பையில் போட்டு, கொட்டகை ஆணியில் மாட்டிவிடுவார்கள். இது தெரியாமல் நாங்கள் குறுந்தகவல் அனுப்பினோம். பதினாலு பேருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, பதினாலு பைக்குள்ளும் பத்திரமாகத் தூங்கியது. பிறகு பதிவு செய்த குரலில் போன் அழைப்பு வைத்தோம். ஆளுக்கொரு பைக்குள் அமுங்கி அடித்தது பாத்தியில் இருப்பவர் காதில் விழவில்லை.

வழி சொன்னது அஞ்சலைதான். பதினாலு போன்களையும் பையிலிருந்து எடுத்து ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பது. சோதனை செய்து பார்த்தோம். பதினாலும் சேர்ந்து அலறியதில் கொட்டகை மேல் உட்கார்ந்திருந்த காக்கா எல்லாம் பறந்தது. கடைசிப் பாத்தியில் இருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். வடக்குப் பக்கத்துக் கொட்டகையிலும் அதே மாதிரி ஒரு டப்பா வந்தது. அடுத்த வாரமே பெருமுக்கல்லில் நாலு தூறல் விழ, எல்லாப் போன்களும் அடித்து, எல்லா அம்பாரமும் மூடியாகிவிட்டது. எனக்கு ஒரே குஷி. அன்றைக்குச் சாயங்காலம் அஞ்சலை வரப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கோவிந்தம்மா, எறங்கி வா! நாளைலேர்ந்து நீயும் உப்பு வாரு!"

திண்டிவனத்திலிருந்து ஒரு புகார்

அந்தத் தூறல் விழுந்த அன்றைக்கே ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. ஏழுமலை என்பவர். வடக்குப் பக்கத்தில் வேலை செய்தவர், இப்போது திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் இருக்கிறார். லிஸ்ட்டில் அவர் பேரை எடுத்துவிட்டு, அவருக்குப் பதிலாக வந்தவர் பேரை அங்கே போட பாரதி மறந்திருந்தாள். பாரதி எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண். அவளுக்கு இந்த அப்சர்வர் சமாசாரத்தைச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. சேருகிறவரைச் சேர்ப்பது மாதிரியே விலகுகிறவரை விலக்க வேண்டும் என்று நாலு பேர் எதிரில் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அக்கா, வரிசையா கூப்புடும்போது நடுவுல ஒரு நம்பர் செத்துப்போயிருந்தா, அதுக்குப் பின்னாடி இருக்கறவங்களுக்குப் போவுமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல சொன்னதைச் செய்" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்லாத சீனியர் யாராவது உங்களில் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஏழுமலை கோபமாகப் பேசவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய்த்தான் கேட்டார்.

"ஏம்மா, நான் உப்பு வேலையை உட்டு ஒரு மாசம் ஆவுது. இங்க வெயில் கொளுத்துது, கடை பூரா சேலைதான் இருக்குது. நான் எதை மூடறது?"

பன்னிரண்டாவது நம்பர்

அது நடந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணி. அன்று தெற்குப் பக்கத்தில் ஒன்பது அம்பாரம் திறந்திருந்தது எனக்குத் தெரியும். பதினாலு குடும்பத்தின் ஒரு வாரத்து வேலை. மூன்று பத்துக்குப் பெருமுக்கல்லில் மழை பிடித்தது. தூறல் இல்லை, கொட்டுகிறது. திரையில் வரிசையாக அழைப்பு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று. பிறகு ஒரு சிவப்பு வரி. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"அக்கா, பன்னெண்டுல நின்னுடுச்சு" என்றாள் பாரதி. பன்னிரண்டாவது யார் என்று பார்த்தேன். நானேதான். வடக்குப் பக்கத்துப் பதினோரு பேரைச் சேர்த்த அன்று, சரியாகப் போகிறதா என்று பார்க்க என் ஆபீஸ் நம்பரையே லிஸ்ட்டில் போட்டிருந்தேன். அதற்குப் பின்னால்தான் தெற்குப் பக்கத்துப் பதினாலு பேர். அதற்கு முந்தின வாரம் ஆபீஸில் எல்லோருக்கும் புது சிம் கொடுத்து, பழைய நம்பர்களை ரத்து செய்துவிட்டார்கள். லிஸ்ட்டில் இருந்து என் பேரை எடுக்க நான் மறந்திருந்தேன். செத்த நம்பரில் முட்டிக்கொண்டு புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது.

அஞ்சலைக்கு நானே போன் செய்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. தகர டப்பாவுக்குள் ஒற்றைப் போன், யாருக்குக் கேட்கும்? வரப்பில் கோவிந்தம்மாவும் இல்லை, நான்தான் இறக்கிவிட்டேன். புரோகிராமைத் திருத்தி மறுபடி ஓட்டலாம் என்று உட்கார்ந்தால் அடிக்கிற வரியெல்லாம் தப்பாகவே வந்தது. மூன்று இருபது ஆகிவிட்டது. ஜெரோம் எழுந்து, "எல்லாரும் போனை எடுங்க. ஆளுக்கு ஒரு நம்பர். ஒண்ணா அடிங்க" என்றார். ஆறு பேரும் ஒரே நேரத்தில் அடித்தோம். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம். மூன்றாவது தடவை பாரதி கையில் இருந்த போனை யாரோ எடுத்தார்கள். "மழ வருது, மூடுங்க! மூடுங்க!" என்று அவள் கத்திய கத்தலுக்குக் கீழே ஹார்டுவேர் கடைக்காரர் மாடிக்கு ஓடி வந்துவிட்டார். அப்போது மணி மூன்று முப்பத்திரண்டு. மரக்காணத்தில் மழை விழ எட்டு நிமிஷம்கூட இல்லை.

ஆறு அம்பாரத்தை மூடினார்கள். மூன்று போய்விட்டது. வடக்குப் பக்கத்தில் ஒன்றுகூடப் போகவில்லை. அவர்களுக்கு நேரத்துக்கு அழைப்பு வந்தது, மூடினார்கள், கொட்டகையில் ஒதுங்கினார்கள். தெற்கே குரல் கொடுக்கவில்லையா என்று அன்று சாயங்காலம் ஒருவரிடம் போனில் கேட்டேன்.

"முன்னல்லாம் கத்துவோம்மா. இப்பதான் போன் வருதே, அவங்களுக்கும் வந்திருக்கும்னு நெனச்சிக்கினோம்."

யாரு நம்பரு?

மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக மரக்காணம் போனேன். ஜெரோம் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். வழி நெடுக என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். நெட்வொர்க் பிரச்சினை என்று சொல்லலாம், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நம் தொழிலில் நெட்வொர்க் மேல் போடாத பழி உண்டா?

தெற்குப் பக்கத்து வரப்பில் மூன்று இடத்தில் அழுக்கு வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது. பக்கத்தில் அஞ்சலை பாத்தியில் தேங்கிய மழைத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்த்ததும் ஒத்திகை எல்லாம் மறந்துபோனது. நடுவில் ஒரு நம்பர் செத்துப்போயிருந்தது, அதனால் பின்னால் இருந்தவர்களுக்குப் போகவில்லை என்று சொன்னேன்.

"யாரு நம்பரு?" என்றாள்.

"என்னுதுதான்க்கா."

அவள் குனிந்து மறுபடி தண்ணீரை வடிக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, இனிமேல் ஒரு நம்பர் போகாவிட்டாலும் மற்றவர்களுக்குப் போகும், ராத்திரியே திருத்திவிட்டோம், பாரதி முன்பே கேட்டாள், நான்தான் காது கொடுக்கவில்லை என்று வரிசையில்லாமல் கொட்டினேன். வேண்டாம் என்றால் கருவியைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறேன் என்றும் சொன்னேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தூரத்தில் வரப்பைக் காட்டினாள். கோவிந்தம்மா அங்கே மேற்கே பார்த்தபடி நின்றிருந்தாள்.

"மிஷினு இருக்கட்டும், அவளும் இருக்கட்டும். ஒன் புது நம்பரை லிஸ்ட்ல கட்டக் கடைசியில போடு. யாருக்குப் போவலையோ அவங்க பேரு ஒனக்கு வரணும். ஒனக்கே ஒண்ணும் வரலன்னா, எங்க யாருக்கும் வரலன்னு தெரிஞ்சிக்கினு நீ கத்தணும்."

ஆக, அப்சர்வர் பேட்டர்னைப் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற நான், மேற்கே இருட்டினால் மட்டும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து வினாடிக்கு ஒரு தரம் "வந்துச்சா? வந்துச்சா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.