ஊற்றடியில் சுரண்டி போட்டோம்

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வருவது மேலேயிருக்கும் ஓர் ஊற்றிலிருந்து. தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஒரு பாறைக்கு அடியில் அது இருக்கிறது. அங்கிருந்து ஒரு கறுப்புக் குழாய் இறங்கி எங்கள் பீலியில் வந்து விழும். குளிக்க, துவைக்க, உலை வைக்க எல்லாவற்றுக்கும் அந்தப் பீலிதான். லுணுகலை டவுனுக்குப் போனால் சாமான் வாங்கி வரலாம், தண்ணீரை வாங்கி வர முடியுமா? ஊற்று இருக்கும் சரிவு நேராக எங்கள் கூரைகளுக்கு மேலே நிற்கிறது. அந்தச் சரிவு கெட்டால் தண்ணீர் மட்டுமல்ல, லயமும் போய்விடும். இதை அப்போதே தெரிந்து வைத்திருந்தேன் என்று சொன்னால் அது பொய்.

நான் பிள்ளை மடுவத்தில் வேலை செய்தவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிள்ளைகளோடு பேசிப் பேசியே எனக்கு வாய் நீண்டுவிட்டது. எதற்கும் ஒரு பழமொழியைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெயில் காலத்தில் பீலித் தண்ணீர் சுண்டுவிரல் தடிப்புக்கு இளைத்துப்போனது. வாளி வரிசையில் தினமும் சண்டை. கோயில் வாசலில் கூட்டம் கூடினோம். தோட்டத்து ஆபீசில் போய்ச் சொல்லலாம் என்றார் கோயில் தலைவர். நான் எழுந்தேன்.

"எத்தன நாளைக்கு ஆபீசு வாசல்ல போயி நிப்பீங்க? ஊத்து நம்மளோடது. சுத்தம் சோறு போடும்னு சும்மாவா சொன்னாங்க? வர்ற ஞாயித்துக்கெழம சிரமதானம் போடுவோம்."

என் நாத்தனார் பின்னாலிருந்து கேட்டாள்: "மதினி மம்பட்டி கொண்டு வருவாங்களா, இல்ல வாய மட்டும் கொண்டு வருவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள்.

எங்கள் வேலை எப்படிப்பட்டது என்று இங்கே சொல்ல வேண்டும். தேயிலைக்குள் ஒரு புல் நின்றாலும் கங்காணி திட்டுவார். சுரண்டியால் செதுக்கி, செம்மண் தெரிந்தால்தான் அது சுத்தமான மலை. தலைமுறை தலைமுறையாகக் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. ஊற்றடிக்குப் போனபோதும் அந்தக் கைகளைத்தானே கொண்டுபோனோம்! காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிப்பதுபோல ஆளுக்கொரு நிரை பிரித்தோம். பன்னம் என்கிற பெரணிச் செடி, சேம்பு, தாழை எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினோம். கல்லில் படிந்த பாசியைக்கூடத் தென்னந்தும்பால் தேய்த்தோம். ஊற்றுக்கு மேலே நின்ற பெரிய மரத்தின் வேர்கள் குழிக்குள் இறங்கியிருந்தன. "இதுதான் தண்ணிய குடிக்குது" என்றார் ஒருவர். கவ்வாத்துக் கத்தியை வாங்கி முதல் வேரை வெட்டியது நான்தான். மத்தியானம் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, ஊற்றுக்குச் சூடம் காட்டினோம். துடைத்து வைத்த சமையற்கட்டு மாதிரி இருந்தது அந்த இடம்.

எங்கள் ஓடை கீழே போய்ச் சேரும் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி அப்போதுதான் ஏறி வந்தார். சிங்களவர். எங்கள் பேச்சை எங்களைப் போலவே பேசுவார். நான் அவரை மல்லி என்பேன், அவர்கள் பாஷையில் தம்பி. அவர் இடுப்பில் கைவைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"எந்தக் கோயிலுக்கு நேத்தி அக்கே? காட்டுக்கே மொட்ட போட்டு வச்சிருக்கீங்க."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வெட்டிப்போட்ட வேர்த் துண்டு ஒன்றை எடுத்து, "இதுதானே மண்ண புடிச்சிக்கிட்டு இருந்திச்சி" என்றார்.

"மல்லி, நீங்க வயக்காரங்க. நாங்க மலக்காரங்க. மலைய எங்களுக்குச் சொல்லித் தர்றீங்களா?"

நான்தான் சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பேச்சு என் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

இரண்டு மாதம் பீலி கொட்டோ கொட்டென்று கொட்டியது. போகிற வருகிறவர்களெல்லாம் என்னைப் புகழ்ந்தார்கள். பிறகு வருடக் கடைசி மழை பிடித்தது. பீலியில் செந்தண்ணீர் வந்தது. பழைய சீலைத் துணியைக் கட்டி வடித்தோம். வாளிக்கு ஒரு பிடி மண் தங்கியது.

"மதினி, ஒங்க சுத்தம் சோறு போடல, சேறுதான் போடுது" என்றாள் நாத்தனார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

மழை தொடங்கிய மூன்றாம் நாள் காலை பீலி நின்றுபோனது. தகரத்தில் மழை அடிக்கிறது, பீலியில் ஒரு சொட்டு இல்லை. குழாய் அடைத்திருக்கும் என்று நாத்தனாரும் தலைவரும் நானும் மேலே ஏறினோம். குழாயில் அடைப்பு இல்லை. ஊற்றுக்குழி காய்ந்து கிடந்தது. அதற்கு மேலே, நாங்கள் செதுக்கி வைத்த வெறும் மண்ணில், தேயிலை ஓரத்திலிருந்து பெரிய மரம் வரைக்கும் ஒரு வெடிப்பு. நாத்தனார் தன் குடை நுனியை உள்ளே விட்டுப் பார்த்தாள். குடை பிடி வரைக்கும் இறங்கியது. உள்ளே எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் பீலிக்கு வரவேண்டிய தண்ணீர் மலைக்குள் போய்க்கொண்டிருந்தது.

மூன்று பேரும் சறுக்கிக்கொண்டே லயத்துக்கு இறங்கி ஓடினோம்.

அன்றே எல்லோரும் லயத்தை விட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினோம். மழை விட்டது, மலை இறங்கவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே இருக்கக்கூடாது, வேறு இடத்தில் வீடு தருவோம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அது வரும் வரைக்கும் எங்கே இருப்பது? திரும்பி லயத்துக்கே வந்தோம். பீலியிலும் மெல்லத் தண்ணீர் வந்தது.

அதற்குப் பிறகு நான் அந்த விவசாயியின் வீட்டு வாசலில் போய் நின்றேன். வழியெல்லாம் யோசித்த பேச்சு ஒன்று, வாயில் வந்தது வேறு. "வாங்க மல்லி, மொட்டத் தலைக்கு முடி நட்டுத் தாங்க" என்றேன். அவர் கிராமத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு தாழைக் கன்றுகளும், ஆற்றோரத்தில் நிற்கும் கும்புக் என்கிற மருத மரக் கன்றுகளும் கொண்டு வந்தார். "சுரண்டி மட்டும் கொண்டு வராதீங்க அக்கே" என்றார். அவர்களும் நாங்களுமாக நட்டோம். மழைத்தண்ணீர் வெடிப்புக்குள் இறங்காமல் வாய்க்கால் வெட்டி ஒதுக்கினோம். வெடிப்புக்கு இரண்டு பக்கமும் முளை அடித்து, நடுவே ஒரு நைலான் கயிற்றைத் தொய்வாகக் கட்டினோம். மழைநாளில் முறைவைத்து இரண்டு பேர் ஏறிப் பார்க்க வேண்டும். வெடிப்பு அகன்று கயிறு இறுகியிருந்தால் யாரையும் கேட்காமல் அங்கிருந்தே கத்த வேண்டும். அதுதான் எங்கள் சட்டம்.

பன்னம் இப்போது முழங்கால் உயரம். கும்புக் இன்னும் என் தோளுக்கு வரவில்லை. அதன் வேர் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இந்த மழைக்கு முன் இரண்டு தடவை மேலேயிருந்து சத்தம் போட்டு, லயத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். இரண்டு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. "மதினிக்கு வாயும் பெருசு, பயமும் பெருசு" என்று லயத்தில் பேச்சு. போன திங்கட்கிழமை எங்கள் முறை. நானும் நாத்தனாரும் ஏறினோம். கயிறு வீணைத் தந்தி மாதிரி நின்றது. கீழ்ப்பக்கத்து முளை சாய்ந்திருந்தது.

"மழையில நனைஞ்சி சுருங்கியிருக்கும் மதினி. மூணாந்தடவையும் சும்மா கெளப்பினா அடிக்க வருவாங்க."

"நைலான் கயிறு எங்கடி சுருங்கும்?"

கைகளைக் குவித்துக் கீழே கத்தினேன். "அடுப்ப அணைங்க! புள்ளைங்கள தூக்குங்க!"

கீழேயிருந்து யாரோ, "இன்னைக்குமா?" என்று கேட்டார்கள். மறுபடியும் கத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒரு கூரையில் புகை நின்றது. பக்கத்துக் கூரையிலும் நின்றது.

இன்றைக்கு நான்காவது நாள். பள்ளிக்கூடத்து வாங்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மழை விடவில்லை. மலை இன்னும் அங்கேயே நிற்கிறது, அதுதான் வில்லங்கம். நாலு நாள் நின்ற மலை இன்னும் இரண்டு மணி நேரம் நிற்காதா என்று எல்லோருக்கும் தோன்றத் தொடங்கிவிட்டது.

காலையில் நாத்தனார் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு லயத்துக்குக் கிளம்பினாள். "கோழிங்க பட்டினி கெடக்கு. தீனி வச்சிட்டு ஓடியாந்துர்றேன்." அவள் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர். ஒருத்திக்குத் துணி எடுக்க வேண்டும், ஒருவருக்கு மருந்து.

நான் போய்ப் பள்ளிக்கூடத்துக் கேட்டை இழுத்துச் சாத்தி, குறுக்கே உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரிங்க மதினி. ஒங்க பேச்ச கேட்டுத்தான் அன்னைக்கி மேல சுரண்டப் போனோம்."

"ஆமா. அதனாலதான் இன்னைக்கி ஒக்காந்திருக்கேன்."

அவள் என்னைத் திட்டியதையெல்லாம் எழுதினால் தாள் போதாது. நான் எழவில்லை. கடைசியில் வாய் ஓய்ந்து, எனக்கு முதுகைக் காட்டி வராந்தா ஓரத்தில் நின்றாள். மற்றவர்களும் அங்கேயே நின்று மலையைப் பார்த்தார்கள். மூட்டத்துக்குள் அது தெரியவில்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் வேறு சத்தம் ஏதாவது வருகிறதா என்று எல்லோரும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.