நாரைச் சங்கத்தை வேவு பார்த்த கதை

அத்தை எங்கள் வீட்டோடு இருந்தாள். அப்பாவின் தங்கை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். முப்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிப் போக ஆரம்பித்தாள்.

எங்கே போகிறாள் என்பதை அவள் மறைக்கவில்லை. முசரவாக்கம் பக்கம் ஒரு ஏரி இருந்தது. மழைக்காலத்தில் அதற்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் வந்து கூடு கட்டும். அந்த மரங்களை வெட்டாமல் காப்பாற்ற நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருப்பதாகவும், அதில் தானும் ஒருத்தி என்றும் சொன்னாள்.

“கொக்குக்குச் சங்கமாம்!” என்றார் அப்பா. “மனுசனுக்கு வெச்ச சங்கமே ஒண்ணும் கிழிக்கல.”

அம்மாவின் சந்தேகம் வேறு மாதிரி. “சித்திர மாசம். ஏரியில சொட்டுத் தண்ணி கெடயாது. தண்ணி இல்லாத ஏரியில கொக்கு எங்கேர்ந்து வரும்? தலை நெறய பூ வெச்சுக்கினு யாரப் பாக்கப் போறா?”

அந்தக் கேள்வி அப்பாவுக்குள் இறங்கிவிட்டது. அன்று மாலை அவருடைய சைக்கிள் கடைக்கு என்னைக் கூப்பிட்டு, பஞ்சர் ஒட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் வேலையை ஒப்படைத்தார். அடுத்த ஞாயிறு நானும் அத்தையோடு போக வேண்டும். யார் அவளோடு பேசுகிறான், யார் சிரிக்கிறான், யார் என்ன கொடுக்கிறான் என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பதவி கிடைக்குமா? சந்தோஷமாகத் தலையாட்டினேன். நானும் வருகிறேன் என்றதும் அத்தை என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு, “வெயில்ல சுருண்டுடுவ, தொப்பி போட்டுக்க,” என்று மட்டும் சொன்னாள்.

சங்கம் என்பது மூன்று ஆண்களும் அத்தையும்தான். ரிட்டையரான டிராயிங் வாத்தியார் ஒருவர், காது மந்தமான ஹோமியோபதி டாக்டர் ஒருவர், தபால்காரர் ஒருவர். முதல் இருவரையும் பார்த்தவுடனேயே கணக்கிலிருந்து தள்ளிவிட்டேன். தபால்காரருக்கு அரும்பு மீசை இருந்தது. என் சந்தேகம் அவர்மேல் போய் உட்கார்ந்தது.

பறவை ஒன்றுகூட இல்லை. அவர்கள் கருவேல மரங்களை எண்ணினார்கள். வாத்தியார் ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் கேட்டு வாங்கிய ஏரியின் பழைய வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, பத்தடிக்கு ஒருதரம் சிவப்புச் சாயம் தோய்த்த ஒரு கயிற்றால் ஏரியைச் சுற்றி அளந்தார்கள். வயல்காரர்கள் வரப்பில் நின்று முறைத்தார்கள். ஒருவர் இறங்கியே வந்துவிட்டார்.

“யார்மா நீங்க? இன்னாத்துக்கு அளக்கறீங்க? கவர்மெண்டா?”

“இல்லீங்க. நாரைக்கு எடம் எவ்ளோன்னு பாக்கறோம்,” என்றாள் அத்தை.

“நாரை வந்து பட்டா கேட்டுச்சா?” என்று அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அன்று மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கயிற்றைப் பற்றிச் சொன்னபோது, “கயித்த வுடு. ஆளு யாரு, அதச் சொல்லு,” என்று அதட்டினார். மூன்றாம் ஞாயிறு தபால்காரர் அத்தைக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். அதில் பாதியை அவள் எனக்குத்தான் கொடுத்தாள். அந்தப் பாதியை மட்டும் என் அறிக்கையில் விட்டுவிட்டேன்.

அப்பா அத்தையை நிற்கவைத்துக் கேட்டார். “யாரு அந்த தபால்காரன்?”

அத்தை சுவரைப் பார்த்தாள். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மா அழ ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் சட்டென்று நின்றது. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறி நின்றால் காது திறந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த வாரமே தரகர் வந்து, வாலாஜாபாத்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். அத்தை ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கிளம்பினாள்.

அளக்க ஆரம்பித்து அது ஐந்தாவது ஞாயிறு. ஏரியின் மேற்குப் பக்கம்தான் மிச்சம். வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே புதைந்து கிடந்த, ஏரியின் எல்லையைக் காட்டும் ஒரு பழைய சர்வே கல்லை டாக்டர் கண்டுபிடித்தார். கயிற்றின் நுனியை அதன்மேல் வைத்துப் பிடித்துக்கொள்ள என்னைச் சொன்னார்கள். கல்லைத் தாண்டி ஏரிக்குள் வெகுதூரம் கடலைதான் போட்டிருந்தது. நடுவில் வெட்டிப்போட்ட கருவேலங்கட்டைகள் கிடந்தன.

“டீச்சர், தாசில்தாருக்குக் குடுக்கற மனுவுல இது யார் நெலம்னு எழுதறது?” என்று வாத்தியார் கேட்டார். அத்தை அவர் கையிலிருந்த நோட்டை வாங்கித் தானே எழுதினாள். ரகசியம் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டாள்.

அன்று அப்பா ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமை மாலை கடையில் வைத்துத்தான் என்னால் ஒப்பிக்க முடிந்தது. “அளந்து முடிச்சு மனு எழுதிட்டாங்க. கல்லு மேல கயித்த நான்தாம்பா புடிச்சேன். கடலைக்கொல்லை. பக்கத்துல பம்புசெட்டு ரூமு. நீலக் கதவு, அதுல வெள்ளையில வேல் போட்டிருந்துச்சு.”

அப்பாவின் கை டியூபின்மேல் நின்றுவிட்டது.

அது எங்கள் நிலம். சின்ன வயதில் ஒரே ஒரு முறை, அறுப்பின்போது, ரோட்டுப் பக்கமிருந்து பார்த்தது. ஏரிக்குள்ளிருந்து பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். “எந்தலையிலயே கல்லப் போட்டுட்டியேடி! அந்த மனு எங்க?”

“காலையிலயே தாசில்தார் ஆபீசுல குடுத்தாச்சுண்ணா,” என்றாள் அத்தை. “அந்தக் கொல்லையில வெளஞ்சத நானுந்தான் துன்னு வளந்தேன். அதான் வேற யாரயும் எழுத வுடல. நானே எழுதினேன்.”

அப்பா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. அதன் பிறகு சாகிறவரைக்கும் அவர் அத்தையின் முகம் பார்த்துப் பேசியதில்லை. மூன்று மாதத்தில் ஆட்கள் வந்து கல் நட்டார்கள். நிலத்தில் பாதி ஏரிக்கே போயிற்று. மிச்சமிருந்த மரங்களை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவானது. ஐப்பசியில் அவற்றின்மேல் நாரைகள் வந்து உட்கார்ந்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அதற்குள் அத்தை செங்கல்பட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டுவிட்டாள். கிளம்பிய அன்று டிரங்குப் பெட்டியை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நான்தான் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். எனக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. தபால்காரரோடு அவளுக்கு ஒன்றுமே இல்லை என்பது கூடவே இருந்த எனக்குத் தெரியும். அவர் எல்லோருக்கும்தான் கொய்யாப்பழம் கொடுத்தார்.

“அப்பா கேட்டப்பவே இல்லன்னு சொல்லியிருக்கலாமே அத்த? வாலாஜாபாத் வீட்டுக்குப் போயிருப்பியே?”

அத்தை பெட்டியைக் கீழே வைத்தாள். என் தலையைக் கலைத்துவிட்டாள்.

“சொன்னா, அப்ப வேற எதுக்குப் போறன்னு கேட்டிருப்பாரு. எனக்கு அஞ்சு ஞாயித்துக்கெயமை வேண்டியிருந்துச்சும்மா.”

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே போட்டுக் குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில், என் கண்ணில் படாமல் ஏதோ நடந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். யோசித்துப் பதில் சொல்ல ஐந்து வாரம் வேண்டும் என்று அந்தத் தபால்காரர்தான் கேட்டிருப்பார். பாவம் அத்தை, காத்திருந்து ஏமாந்துபோய்விட்டாள்.