வீட்டில் சொல்லக்கூடாத அடி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஆவி, பிசாசு என்று யாராவது சொன்னால் முகத்துக்கு நேரே சிரிப்பேன். இப்போது நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் சரி, நடந்தது நடந்ததுதான்.

உத்திரமேரூர்ப் பக்கம் என் வீட்டுக்காரர் பம்பை அடித்தால்தான் அம்மன் கரகம் எழும்பும். அவர் போன மறுவருஷம், பாட்டு டீச்சராக இருந்த என் கடைசி மகள் மல்லிகா, ஆடித் திருவிழாவில் பம்பை அடிக்க ஆறு பெண்களைத் தயார் பண்ணினாள். அவர் அடித்ததை நான் வாயால் சொல்ல, அவள் கம்ப்யூட்டரில் எழுத்து எழுத்தாக அடித்தாள். வலது கை அடிக்கு ஓர் எழுத்து, இடது கைக்கு ஒன்று, சும்மா விடும் இடத்துக்கு ஒன்று. பம்பை, உடுக்கை, சிலம்பு மூன்றுக்கும் தனித்தனி வரி. ஒரு பொத்தானை அமுக்கினால் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக, அடிக்குப் புள்ளியும் சும்மா விடும் இடத்துக்குக் கோடுமாய்த் தாளில் அச்சாகி வரும், கம்ப்யூட்டரே அடித்தும் காட்டும்.

“கடைசி அடி இன்னாம்மா?”

“அத்த வூட்டுல சொல்லக் கூடாதுடி. கரகம் எதிர்ல இருந்தாத்தான். உங்கப்பாவுக்கு வாக்கு குடுத்துக்கீறேன்.”

“பேஜார் பண்ணாதம்மா. அது இல்லாம கரகம் எழும்பலன்னா ஊரே சிரிக்கும். பொம்பளைங்களுக்கு எதுக்குப் பம்பைன்னு இப்பவே பேசிக்கினு கீறாங்க.”

“பேசட்டும். நான் சொல்ல மாட்டேன்.”

கோபத்தில் அந்த இடத்தில் சும்மா விடும் எழுத்தைப் போட்டுப் பொத்தானை அமுக்கினாள். பட்டப்பகல், அடுப்பில் சோறு கொதிக்கிறது. கம்ப்யூட்டர் அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு அடி அடித்தது. அதுவும் அரை மாத்திரை தள்ளி. வண்டியிலிருந்து விழுந்து அவர் இடது மணிக்கட்டு மடங்கிப் போனதிலிருந்து அப்படித்தான் விழும். அது எனக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

“நான் அத்த எழுதலம்மா,” என்றாள் மல்லிகா. அச்சாகி வந்த தாளை எடுத்தாள். பம்பை வரியின் முடிவில் புள்ளி இருந்தது. கம்ப்யூட்டரிலோ அவள் போட்ட சும்மா விடும் எழுத்து அப்படியே இருந்தது. மறுபடி அமுக்கினாள். புள்ளியும் வரவில்லை, சத்தமும் வரவில்லை.

அந்த ஒரு தாளை வைத்துத்தான் பெண்கள் பழகினார்கள். கரகம் எழும்பியது. பேசியவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள்.

தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. மற்ற புள்ளிகள் மங்கிப் பழுப்பாகிவிட்டன, கடைசிப் புள்ளி மட்டும் இன்றைக்கு அடித்த மை மாதிரி கறுப்பாக இருக்கிறது.

நானே எழுத்துக்கூட்டி எழுதியது, தப்பிருக்கும். பேத்தி கவிதா, இந்த ஆயாவுக்கு இதை ஒருமுறை படித்துக் காட்டு. ஆனால் படிக்கும்போது விரலால் மேசையில் தட்டாதே.