சுவர்க்கோழிக்கு ஒரு அமைதியான இடம்

பூச்சி ஆராய்ச்சியில் பூச்சியால் வரும் தொல்லை ரொம்பக் கம்மி. மீதியெல்லாம் மனுஷங்களால் வருவது. களப்பணி என்று பையைத் தூக்கிக்கொண்டு திரியும் சக பாவிகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் ராயபுரத்துப் பெண். என் ஆராய்ச்சி சுவர்க்கோழியைப் பற்றியது. கோழி என்றதும் குழம்பு வரைக்கும் போய்விடாதீர்கள். பொழுது சாய்ந்ததும் மூலையில் உட்கார்ந்து கிரீச் கிரீச்சென்று கத்துமே, வெட்டுக்கிளிக்குப் பங்காளி, அதுதான்.

தூரத்துச் சொந்தம்

அம்மா தெருவில் எல்லாரிடமும் நான் டாக்டருக்குப் படிப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். அடுப்படியில் ஒரு டப்பாவில் சுவர்க்கோழிகள் கேரட் தின்றுகொண்டிருந்ததில் குட்டு உடைந்துபோனது. மறுநாளே பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, பாவம், என் படிப்புக்கு உதவியாக இருக்கட்டுமே என்று ஊறுகாய் பாட்டிலில் கரப்பான் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

அக்கா, நான் படிப்பது இதை இல்லை, வேண்டுமானால் இது அதற்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பாட்டிலை டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு அக்கா சொன்னது: "சொந்தம்னு ஆயிட்ச்சி, அப்றம் தூரம் இன்னா, கிட்ட இன்னா? வெச்சி சோறு போடு."

சுடுகாட்டில் ஒரு சாயங்காலம்

என் கேள்வி இதுதான். சுவர்க்கோழியில் ஆண் கத்துவது பெண்ணைக் கூப்பிடத்தான். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கன்டெய்னர் லாரி ஓயாமல் ஓடுகிற ரோட்டோரத்தில் அது எப்படிக் கூப்பிடும்? குரலை ஏற்றிக் கத்துகிறதா? கத்துகிறது. மைக் வைத்துப் பதிவு செய்தாகிவிட்டது. ஆனால் அது லாரிக்காகத்தான் கத்துகிறது என்று நிரூபிக்க, அதே உப்புக் காற்றில், அதே மண்ணில், சத்தமில்லாத இடம் ஒன்று வேண்டும் என்று என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு சொல்லிவிட்டார். மழை பிடித்தால் பூச்சி அடங்கிவிடும். அதற்குள் இடம் கிடைக்கவில்லையென்றால் தலைப்பையே மாற்ற வேண்டியதுதான், இத்தனை வருஷ உழைப்பும் குப்பைக்குப் போகும்.

வடசென்னையில் சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போவேன்? யோசித்து யோசித்து சுடுகாட்டுக்குப் போனேன். நல்ல புல், நல்ல ஈரம், உள்ளே பூச்சியும் இருந்தது. மைக்கை நட்டுவிட்டு ஹெட்போனை மாட்டியதுதான் தாமதம், தாரை தப்பட்டை, சரவெடி, கானா என்று ஒரு ஊர்வலம் உள்ளே வந்தது. அது போனால் பின்னாலேயே இன்னொன்று. காதைத் தேய்த்துக்கொண்டு மைக்கைப் பிடுங்கிய என்னைப் பார்த்து காவல்காரர் நிஜமாகவே பரிதாபப்பட்டார். "அமைதியா இருக்கணும்னா யாராவது சுடுகாட்டுக்கு வருவாங்களாம்மா?"

பேட்டி

அடுத்து காட்டுப்பள்ளிப் பக்கம், ஒரு குடோன் மதிலுக்கு வெளியே புதர். அங்கே லாரி இல்லை, ஜெனரேட்டர் இருந்தது. அதைவிட மோசமாக ஒரு செக்யூரிட்டி இருந்தார். யாரை ஒட்டுக்கேட்கிறாய் என்று ஆரம்பித்தவர், காலேஜ் கார்டு, கைடின் கடிதம் எல்லாம் பார்த்த பிறகும் சமாதானம் ஆகவில்லை.

"போட்டோ புடிக்கிறேன்னு சொல்லு, உட்டுர்றேன். பூச்சிய பேட்டி எடுக்குறேன்னு சொன்னா, எங்க சூப்பர்வைசர் என்னிய இல்ல கேப்பாரு, குடிச்சிக்கினு கீறியான்னு."

ஸ்டிரைக்

வானம் கறுக்க ஆரம்பித்த வாரத்தில் லாரிகள் ஸ்டிரைக். எண்ணூர் ரோடு அப்படியே நின்றுபோனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கைடுக்குப் போன் போட்டேன். அதே இடம், அதே பூச்சி, சத்தம் மட்டும் இல்லை, இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது, ஓடு என்றார்.

ஓடினேன். ரோட்டோரம் வரிசையாக லாரிகள், கீழே சீட்டாட்டம், சமையல், செல்போனில் பாட்டு. வரிசையில் முதல் வண்டி ஏழுமலை அண்ணனுடையது. வியாசர்பாடிக்காரர், வேலை இல்லாத கடுப்பில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பாட்டையெல்லாம் நிறுத்த வைத்தார். பேச்சுவார்த்தை நடக்கிறது, இன்றைக்கே முடிந்துவிடும் என்று அவர் நம்பிக்கையாகச் சொல்ல, முடியக்கூடாதே என்று நான் மனசுக்குள் மாதாவைக் கும்பிட்டேன். அவர்கள் பிழைப்பில் மண் விழட்டும் என்று வேண்டுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காக வேண்டுதலை நிறுத்தவில்லை.

பொழுது சாய்ந்து, பூச்சி கத்தத் தொடங்கி, நான் பதிவை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் செய்தி வந்துவிட்டது. ஸ்டிரைக் வாபஸ். பின்னால் ஒவ்வொரு வண்டியாக ஸ்டார்ட் ஆனது. போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலை அண்ணன் மட்டும் வண்டி ஏறவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரிசை நெடுகப் பின்னால் நடந்து போனார். ஒவ்வொரு இன்ஜினாக அணைந்தது. நான் மைக்கை எடுக்கும்வரை ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லை. அப்படி என்ன சொன்னீர்கள் அண்ணா என்று கேட்டேன். "பூச்சின்னா எவன் கேப்பான்? பாப்பா பரீட்ச எழுதிக்கினு கீதுன்னேன்." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முடிவு

பதிவைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். லாரி ஓடும்போது எந்தக் குரலில் கத்தியதோ, லாரி நின்றபோதும் அதே குரல், இம்மி குறையவில்லை. எல்லாம் போச்சு என்று கைடிடம் போய் நின்றேன். அவர் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுச் சிரித்தார். போகவில்லை, சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த பூச்சிக்கு அதுவே குரலாகிவிட்டதா என்று இனிமேல்தான் கேட்கவே வேண்டும், உட்கார்ந்து எழுது என்றார்.

ரோட்டோர டீக்கடையில் ஏழுமலை அண்ணனைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "இத்தக் கண்டுபுடிக்கவா இம்மாங் கஷ்டப்பட்ட? லீவுல மாமியார் ஊருக்குப் போனா நான் சாதாரணமாத்தான் பேசறேன், ஏன் சண்ட போடறீங்கன்னு ஊரே ஓடியாருது."

ஆகவே சக பாவிகளே, வடசென்னையில் அமைதியைத் தேடி அலைந்த நான் கடைசியில் கண்டது, அப்படியே அது கிடைத்தாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இங்கே பூச்சிக்குக்கூடத் தெரியாது என்பதைத்தான்.